எட்டு இல்லாத பலகை

கின்ரோஸ் ஃபால்ஸுக்கு முதலில் காகித ஆலை வந்தது.
ஆலைக்கு ஆட்கள், ஆட்களுக்குப் பிள்ளைகள்,
பிள்ளைகளுக்கு ஆறு மாதம் உறைந்த ஆறு.
அப்படித்தான் அணி வந்தது, அறுபத்தெட்டில்.
வேறு காரணம் சொல்பவரை நம்பாதீர்கள்.

பெயர் பல்ப்கட்டர்ஸ்.
சட்டை பச்சை. ஆலையில் மிஞ்சிய சாயம்.
முதல் ஆண்டு நாற்பது ஆட்டம், மூன்று வெற்றி.
அதில் ஒன்றை
எதிரணி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் ஸ்கோர் பலகைக்காரி.
ஹீட்டருக்கும் சங்குப் பொத்தானுக்கும் நடுவே
இருபத்தொன்பது குளிர்காலம்.
கோல் விழுந்தால் ஏணியில் ஏறி
தகர எண்ணை மாட்ட வேண்டும்.
எழுபத்து நாலில் எட்டாம் எண் தகட்டை
பனிச்சரிவில் சறுக்க எடுத்துப்போன பையன்கள்
திருப்பித் தரவில்லை.
புதிது கேட்டேன்.
"நமக்கு அடிக்கடி வேண்டிய எண்ணா அது?"
என்றார் பொருளாளர்.
அவரைக் குறை சொல்ல முடியாது.
மூன்றை மாட்டி, விட்டுப்போன பாதியை
சாக்கட்டியால் வரைந்துவிடுவேன்.
எதிராளிகளுக்காகத்தான், பெரும்பாலும்.

எண்பத்து மூன்று, மார்ச்.
போர்ட் லெனார்டும் நாங்களும் ஆளுக்கு மூன்று ஆட்டம்.
ஏழாவது எங்கள் அரங்கில்.
ஆயிரத்து நூறு பேர், ஈரக் கம்பளி வாடை,
கையில் காப்பி, வெளியே
எதிர்வீடு தெரியாத பனிப்புயல்.
அவர்கள் பேருந்து நெடுஞ்சாலையில்
ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் புதைந்து கிடந்தது.
ஒன்பதரை மணிக்கு லீக்கின் ஆள் டுஃப்ரேன்
கடிகாரத்தைப் பார்த்தார், விதியைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.
நாங்கள் சாம்பியன்.

யாரும் கத்தவில்லை.
தலைவன் ரெஜான் பூலியோவுக்கு வயது பத்தொன்பது.
கோப்பையை வாங்கி பெஞ்சில் வைத்தான்,
மேலே துண்டைப் போட்டு மூடினான்,
காலில் கட்டிய ஸ்கேட்டை
வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் சாலை திறந்தது.
அவர்கள் வந்தார்கள்.
கோப்பையைக் கேட்கவில்லை.
"ஆடத்தானே கிளம்பினோம்" என்றார் அவர்கள் கோச்.
எங்கள் ஓரெஸ்ட் ஹ்ரிட்சுக்
பேசாமல் விளக்குகளைப் போட்டார்.

டிக்கெட் இல்லை, நடுவர் இல்லை, கணக்கில் சேராது.
ஆனாலும் நான் ஏணியில் ஏறினேன்.
இரண்டுக்கு ஏழு என்று மூன்றாம் பகுதி ஓடியது.
பிறகு இன்னொன்று, ஐனோவின் கால்களுக்கு நடுவே.
மூன்றை மாட்டினேன். நிறுத்திக்கொண்டேன்.
சாக்கட்டி கோட்டுப் பையில்தான் இருந்தது.
கீழே பார்த்தால்
கோல்கீப்பர் ஐனோ லாட்டெலா
முகமூடியைத் தூக்கிவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
மட்டையால் பனியை இரண்டு முறை தட்டினான்.
வரைந்தேன்.

மறுவாரம் கூரையில் பதாகை ஏறியது,
'1983 சாம்பியன்கள்', பொன்னிறத்தில்.
அதைத் தைத்தவர் ஐனோவின் அம்மா.

தொண்ணூற்றேழில் ஆலை மூடியது.
அல்பர்ட்டாவில் கார் விற்கும் ஒருவர்
அணியின் உரிமத்தை வாங்கினார்.
பச்சைச் சட்டை வேண்டாம் என்றார்.
அதனால் அவை இங்கேயே தங்கின.
வாசலில் பனி அள்ளுகிற முதுகுகளில்
இன்னும் பதினாலு, இருபத்திரண்டு, ஒன்பது.
ரெஜான் நகராட்சியின் பனிவண்டி ஓட்டுகிறான்.
புயலன்று நெடுஞ்சாலைக்குத்தான் முதலில் போவானாம்.
மேயர் வீட்டுத் தெரு பிறகுதான்.

போன ஜூனில் அரங்கின் கூரையைப் பிரித்தபோது
பதாகையைத் தருகிறோம் என்றார்கள்.
தகடு போதும் என்றேன்.
இப்போது அது என் சமையலறையில்.
சாக்கட்டி எப்போதோ உதிர்ந்துவிட்டது.
வருகிறவர்கள் மூன்று என்று படிக்கிறார்கள்.
நான் திருத்துவேன்,
காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் கதையென்றால்.